ஓக் மரத்தை ஒரே வரியில் ஒதுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கிதார் மரங்கள் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள் எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, ஓக்கை மட்டும் 'மேசைக்கும் பீப்பாய்க்கும் ஆகும், கிதாருக்கு ஆகாது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். இங்கிலாந்தில் பொழுதுபோக்காகக் கிதார் செய்கிறவன் நான், செய்ததில் ஒன்று ஓக். சும்மா இருக்க முடியவில்லை.

ஓக் கிதார் என்றால் முழுக்க ஓக் இல்லை. தந்தியின் அதிர்வைச் சத்தமாக்குவது முன்பலகை, அது இலேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும், அதனால் அங்கே ஸ்ப்ரூஸ் மரமோ சிடார் மரமோதான். பேச்சு பின்பலகையையும் பக்கங்களையும் பற்றியது. 2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், இந்த இரண்டு இடத்திலும் மட்டும் மரத்தை மாற்றிச் செய்த ஆறு கிதார்களை, எது எது என்று தெரியாதபடி வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள். விலை எகிறும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான சப்பேலி மரத்துக்கும் அவர்கள் போட்ட மதிப்பெண்ணில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. (அந்த ஆறில் ஓக் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆனால் 1995லேயே அமெரிக்காவில் கிதார் தயாரிப்பாளர் பாப் டெய்லர், சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டைப் பிரித்து, அந்த ஓக்கில் பின்னும் பக்கமும் வைத்து ஒரு கிதார் செய்து காட்டிவிட்டார்.

ரோஸ்வுட் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2017இல் உலக அளவில் வர்த்தகக் கட்டுப்பாடு வந்தது. அவற்றில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு கொடுத்தார்கள், வெளிநாட்டிலிருந்து பலகையாக வாங்க இன்னும் அனுமதிக் காகிதம் வேண்டும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் இதில் சேர்த்திதான். தஞ்சாவூரில் வீணைக்கு நம் ஊரில் வளரும் பலா மரத்தைத்தானே எடுக்கிறார்கள்? அதுபோல இங்கே இங்கிலாந்தில் அக்கம்பக்கத்தில் வளர்வது ஓக்.

ஓக்கில் நிஜமான தலைவலி வேலையில் வரும். துளைகள் பெரிசு, அடைக்காமல் வார்னிஷ் அடித்தால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்னொன்றைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பக்கப்பலகையை நனைத்து, சூடான குழாயில் வளைத்து, ஈரம் காயாமலே இரும்பு கிளாம்ப் போட்டு இரவு விட்டுவிட்டேன், காலையில் பார்த்தால் கிளாம்ப் பட்ட இடமெல்லாம் மை கொட்டியது போலக் கறுப்பு. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை வருமே, அதே சங்கதி, ஓக்கிலும் துவர்ப்புச் சத்து அதிகம். ஆக்சாலிக் அமிலம் தடவியதில் முக்கால்வாசி போயிற்று. மிச்சம் இடுப்பு வளைவில் இலேசாகத் தெரிகிறது, கேட்பவர்களிடம் டிசைன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து