வல்லநாடு வெளிமான் சரணாலயத்தில் பருவந்தோறும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
வல்லநாடு சுற்றுவட்டாரப் பறவை ஆர்வலர்கள்

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள், தூத்துக்குடி

பொருள்: புல்வெளிப் பறவைகளின் வகையும் எண்ணிக்கையும் கணக்கெடுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். 1987-இல் சரணாலயமான வல்லநாட்டுக் குன்றின் பரப்பு 16.41 சதுர கி.மீ. வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடி இதுதான் என்பது தாங்கள் அறிந்ததே. பார்ப்பவர்களுக்கு இது வெறும் பொட்டல். ஆனால் குடைவேல மரங்களுக்கு நடுவே கிடக்கும் அந்தப் பொட்டலை நம்பித்தான் வானம்பாடியும் கௌதாரியும் இருக்கின்றன.

போன சித்திரையில் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி ஒன்றின் முட்டைகளை மிதிக்க இருந்தோம். கூடு என்று ஒன்றுமில்லை. செம்மண்ணில் சின்னப் பள்ளம், கூர்முனை உள்நோக்கிய நான்கு முட்டைகள், சரளைக்கல் நிறம். தாய் கத்தியதால் கால் நின்றது. பறவைப் பட்டியலில் 'ஆள்காட்டி' என்று ஒரு வரி இருக்கும், சரி. இரண்டு சோடியா, இருபது சோடியா? அதைப் பட்டியல் சொல்லாது.

மாநிலம் முழுக்க மார்ச் வாக்கில் நடக்கும் நிலப்பறவைக் கணக்கெடுப்பு நல்ல காரியம்தான். ஆனால் குளிர்காலத்துக்கு வரும் பூனைப்பருந்துகள் அதற்குள் கிளம்பத் தொடங்கிவிடும். ஆள்காட்டி அப்போதுதான் முட்டையிடத் தொடங்கும். ஆகவே மழை ஓய்ந்த மார்கழி, கோடைச் சித்திரை, வலசைப் பறவைகள் வருமுன் ஆவணிக் கடைசி என ஆண்டுக்கு மூன்று முறை எண்ண வேண்டுகிறோம். ஒவ்வொரு முறையும் அதே தடத்தில், விடியற்காலையில், மெதுவாக நடக்க வேண்டும். பறவை தடத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். குடைவேல உச்சியில் உட்கார்ந்த கரிச்சான் தூரத்திலேயே தெரியும், புல்லுக்குள் பதுங்கும் வானம்பாடி பக்கத்தில் போனாலும் தெரியாது. தூரத்தைக் குறிக்காமல் எண்ணினால் கரிச்சான்தான் அதிகம் என்று கணக்கு பொய் சொல்லும். அப்புறம், பக்கிக்குருவி, ஆந்தைகளுக்காகப் பருவத்துக்கு ஓர் இரவு.

சீமைக்கருவேலம் அகற்றும் வேலை எடுத்தால், அதற்கு முன்பே முதல் கணக்கு முடிந்திருக்க வேண்டும். முன்கணக்கு இல்லாமல் பின்விளைவை அளக்க முடியாது. திறந்த புல்வெளியில் மரக்கன்று நடும் திட்டம் ஏதும் இருந்தால், கணக்கு முடியும்வரை அதை நிறுத்தி வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். நிழல் விழுந்தால் வானம்பாடி போய்விடும்.

கூலியோ படியோ எங்களுக்கு வேண்டாம். உள்ளே செல்ல எழுத்துப்பூர்வ அனுமதியும், துணைக்கு ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரும் போதும். கார்த்திகைக்குள் அனுமதி கிடைத்தால் மார்கழிச் சுற்றைத் தொடங்கிவிடலாம். பதிவேட்டின் ஒரு படியை ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வல்லநாடு சுற்றுவட்டாரப் பறவை ஆர்வலர்கள்