'அருமை' மட்டும் போதாது என்பது எங்களுக்கும் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் கைப்பேசிக் கவிஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒருவர் எழுதுகிறார், ஒன்பது பேர் 'அருமை' என்கிறார்கள், அடுத்த நாள் அந்த ஒன்பதில் ஒருவர் எழுத இவர் போய் 'அருமை' என்கிறார், இது முதுகு சொறியும் கூட்டம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். படித்துவிட்டுக் கோபம் வந்தது. டீ குடித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் பாதி சரிதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். பொங்கலுக்கு ஒரு நாலடி வெண்பா எழுதிப் போட்டேன். எடுத்து ஒட்டும்போது கை தவறி இரண்டாம் அடி விழுந்துவிட்டது. எனக்கும் தெரியாது. பதினேழு பேர் 'அருமை' போட்டார்கள். கைகூப்பும் படம், பூங்கொத்து, 'ஐயா, நீவிர் வாழ்க' எல்லாம் வந்தது. மூன்றடியில் சிந்தியல் வெண்பா என்று ஒரு வகை உண்டுதான். ஆனால் என்னுடையது பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது. இரண்டாம் அடியின் கடைசியில் தனியே நிற்கிற தனிச்சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. ஒரு ஆள் கூட 'ஓய், ஒரு அடியைக் காணோமே' என்று கேட்கவில்லை. அன்று ராத்திரி அந்தக் குழுவை விட்டு வெளியே வந்தேன். பாராட்டு கிடைத்து ஒரு மனிதன் அவ்வளவு வருத்தப்பட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நான் யார் என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பேருந்தில் கண்டக்டர். பெரும்பாலும் திருநெல்வேலி - தென்காசித் தடம். 2019 மே மாதம் ஓய்வு. 'காரிகை கற்றுக் கவி பாடுவதினும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்றே' என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் விசில் ஊதிப் பிழைத்து முடித்துவிட்டுக் காரிகைக்கு, அதாவது செய்யுள் இலக்கணத்துக்கு, வந்தவன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாத ஆள். பள்ளிக்கூடத்தில் தமிழையா அடித்துச் சொல்லிக்கொடுத்த தேமா, புளிமா (செய்யுளில் சீர்களை அளக்கும் வாய்பாடு) நினைவுக்கு வந்தது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலிருந்து நளவெண்பாவை இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். சீர் பிரிக்க வரவில்லை. அப்போதுதான் ஒரு வழி தோன்றியது: நேரசை (தனிக் குறிலோ நெடிலோ, ஒற்றோடும் வரலாம்) என்றால் ஒரு விசில், நிரையசை (குறிலைத் தொடர்ந்து இன்னொரு குறிலோ நெடிலோ, ஒற்றோடும் வரலாம்) என்றால் இரட்டை விசில். எங்கள் தொழிலில் ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும், இரட்டை விசிலுக்குப் போகும். வாய்க்குள்ளேயே ஊதிப் பார்ப்பேன். தென்காசி: மூன்று ஒற்றை விசில், தேமாங்காய். மாறாந்தையும் அதே. கடையம்: இரட்டை, ஒற்றை, புளிமா. முப்பது வருஷம் வாய் வலிக்கக் கத்திய ஊர்ப் பெயர்களெல்லாம் இலக்கணமாக மாறிக்கொண்டிருந்தன. ஆலங்குளம் மட்டும் ஒற்றை, ஒற்றை, இரட்டை: தேமாங்கனி என்ற கனிச்சீர். வெண்பாவுக்குள் முழுதாக ஏறாது. 'ஆலங் குளத்தில்' என்று உடைத்தால் ஏறிக்கொள்ளும். பாவூர்சத்திரத்தை உடைத்தாலும் மாவுக்குப் (தேமா, புளிமா) பின்னால் நேர் வந்து தட்டும்; வெண்பாவில் அங்கே நிரைதான் வர வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவதாகச் சேர்ந்த குழுதான் இப்போது இருப்பது. நாற்பது பேர் இருப்போம். தினமும் எழுதுபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நடத்துகிறவர் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு தமிழாசிரியை. மஸ்கட்டில் ஏசி பழுது பார்க்கும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன், தஞ்சாவூரில் ஒரு பெரியவர், யாழ்ப்பாணம் வடமராட்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் (என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்). ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. இந்த இடத்தில் எல்லாரும், கோப்பெருஞ்சோழனைப் பார்க்காமலே நண்பரான புலவர் பிசிராந்தையாரைக் கூப்பிடுவார்கள். நான் கூப்பிடவில்லை, அவர் வடக்கிருந்த ஆள், நாங்கள் ராத்திரி பதினொரு மணிக்குத் தளைக்கு (ஒரு சீர் அடுத்த சீரோடு சேருகிற விதிக்கு) சண்டை போடுகிற ஆட்கள்.

சேர்ந்த வாரத்தில் நான் போட்ட முதல் வெண்பாவில் மூன்றாம் அடி இப்படி இருந்தது:

நின்றே வந்த நெஞ்சுக்கு வெண்பாவில்

குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றே கால் மணிக்குக் கோவில்பட்டி ஆசிரியை எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். 'அண்ணாச்சி, விஷயம் நல்லாருக்கு. மூணாவது அடியில ரெண்டு எடத்துல தட்டுது. எங்கேன்னு நீங்களே பாருங்க.' அவ்வளவுதான். எங்கே என்றும் சொல்லவில்லை, என்ன மாற்றலாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல். தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே!

மொட்டை மாடிக்குப் போய் விசில் ஊதினேன். 'நின்றே' தேமா. மா முன் நிரை வர வேண்டும். 'வந்த' நேரில் தொடங்குகிறது. அது ஒரு தட்டு. 'வந்த' என்பதும் தேமா, அதற்குப் பின்னால் 'நெஞ்சுக்கு' மறுபடி நேர். அது ரெண்டாவது தட்டு. ஒரு சின்ன 'வந்த' முன்னாலும் முட்டுகிறது, பின்னாலும் முட்டுகிறது, ஃபுட்போர்டில் நிற்கிற பையன் மாதிரி. 'நின்றே பிழைத்த' என்று போட்டேன். முன்பக்கம் சரியாகிவிட்டது, பின்பக்கம் அப்படியே. 'நின்றே கழித்த' போட்டேன், அதே கதை. காய்க்குப் பின்னால் நேர் வரலாம்; அதனால் நிரையில் தொடங்கிக் காயில் முடிகிற சொல் வேண்டும். மறுநாள் காலையில் டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கும்போது வந்தது: பயணித்த. புளிமாங்காய். டீயை வைத்துவிட்டு அங்கிருந்தே அனுப்பினேன். 'நான் இதை யோசிக்கவே இல்லை அண்ணாச்சி' என்று பதில் வந்தது. பதினேழு 'அருமை' எனக்குக் கொடுக்காததை அந்த ஒரு வரி கொடுத்தது.

முழு வெண்பாவையும் போடுகிறேன். பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை.

சீட்டுக் கிழித்த விரலாலே செந்தமிழ்ப்
பாட்டுக் கிழைகோத்துப் பார்க்கின்றேன் - கூட்டத்தில்
நின்றே பயணித்த நெஞ்சுக்கு வெண்பாவில்
இன்று கிடைத்த திடம்.

தஞ்சாவூர்ப் பெரியவருக்குப் 'பயணித்த' பிடிக்கவில்லை. பயணம் என்பது பெயர், அதை வினையாக்குவது பத்திரிகைக்காரர்கள் செய்த வேலை, பயணம் செய்தான் என்பதே தமிழ் என்றார். (மன்னிக்க வேண்டும், உங்களையும் சேர்த்துத்தான் சொன்னார்.) மூன்று நாள் சண்டை நடந்தது. நான்காம் நாள் அவரே 'நின்றே தினம்வந்த' என்று ஒரு திருத்தம் கொண்டு வந்தார். தளை சரியாகத்தான் இருக்கிறது. நான் மாற்றவில்லை. அவருக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் என் பேரனுக்கு மொட்டை அடித்த அன்று அவர் அனுப்பிய வாழ்த்து வெண்பாவில் வேண்டுமென்றே 'பயணித்து' என்று ஒரு சீர் வைத்திருந்தார்.

இப்போது தளை பார்ப்பதற்கு மனிதர் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவலோகிதம் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. செய்யுளை அதில் இட்டால் அசை பிரித்து, சீர், தளை எல்லாம் காட்டி, இன்ன பா என்று சொல்லிவிடும். நல்ல வேலைப்பாடு, நானும் பயன்படுத்துகிறேன். என் வெண்பாவை அதில் போட்டபோதும் பிழையில்லை என்றது. ஆனால் வடமராட்சி அக்கா கேட்ட கேள்வியை அது கேட்கவில்லை.

'தம்பி, கடைசிச் சொல் இடமோ, திடமோ?'

நான் எழுதியது இடம். 'கிடைத்தது இடம்' என்பது புணர்ந்து 'கிடைத்த திடம்' ஆனது. முப்பது வருஷம் மற்றவருக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தவனுக்கு வெண்பாவில் உட்கார ஒரு இடம் கிடைத்தது என்பதுதான் என் எண்ணம். திடம் என்றும் படிக்கலாம் என்பது சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. காளமேகம் தெரிந்தே செய்த சிலேடையை நான் தெரியாமல் செய்திருக்கிறேன். 'ரெண்டும்தான் அக்கா' என்று கெட்டிக்காரத்தனமாகப் பதில் போட்டேன். நம்பவில்லை, சிரித்தார். அப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது. 1987-இல் வடமராட்சியில் சண்டை நடந்தபோது வீட்டை விட்டுப் போனார்களாம். திரும்பி வந்தபோது, கல்யாணத்துக்கு முன்பிருந்து எழுதிச் சேர்த்த கவிதைக் கொப்பிகள் ஒன்றும் இல்லையாம். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் எழுதவில்லை. 'உங்களுக்கு பஸ்ஸில இடமில்லை, எங்களுக்கு ஊரில இல்லாமல் கிடந்தது' என்றார். அந்த வாரத்திலிருந்து அவரும் எழுதத் தொடங்கினார். அதுவரை அவர் படிக்கிறவராக மட்டும்தான் குழுவில் இருந்தார்.

நாங்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. தளை கொஞ்சம் பிடிபட்டதும் எனக்குச் செக்கிங் இன்ஸ்பெக்டர் புத்தி வந்துவிட்டது. நர்சிங் படிக்கிற ஒரு பெண் குழுவில் சேர்ந்து, ராத்திரி ஷிப்டில் பார்த்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். ஏழு இடத்தில் தட்டியது. ஏழையும் எண்ணி, எல்லார் முன்னிலையிலும் 'இது வெண்பாவே இல்லை' என்று போட்டேன். டிக்கெட் எடுக்காதவரை நடுவழியில் இறக்கிவிடுகிற சந்தோஷம். அந்தப் பாட்டி சாகும் முன் தன் வளையலைக் கழற்றி இவள் கையில் மாட்டிப் பார்த்தாள் என்பது அந்தப் பாட்டில் இருந்த விஷயம். நான் அதைப் படிக்கவே இல்லை, தளையைத்தான் படித்தேன். ஐந்து நிமிஷத்தில் அவள் வெளியேறிவிட்டாள்.

வடமராட்சி அக்கா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், 'உங்களுக்கு ஆசிரியை அப்பிடியோ சொன்னவ?' என்று. அதன் பிறகுதான் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. பிழையைத் தனிச் செய்தியில் சொல்ல வேண்டும். எந்த அடி என்று சொல்லலாம், மாற்றுச் சொல் கொடுக்கக் கூடாது. பொதுவில் பாராட்டினால் எந்தச் சொல்லைப் பாராட்டுகிறோம் என்று குறிப்பிட்டாக வேண்டும். வெறும் 'அருமை' எழுதினால் தண்டனையாக இரண்டடியில் ஒரு குறள் வெண்பா எழுத வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

மஸ்கட் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அவன் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுதி அனுப்ப நேரம் இருக்காது, குரலில்தான் அனுப்புவான். பின்னால் ஏசி இயந்திரம் கடகடவென்று ஓடும். மாடியில் வெயிலில் நின்றுகொண்டு, 'அண்ணே, விளம் முன் நேர்தானே?' என்று கேட்பான். ஒரு தடவை கோடையில் மூன்று வாரம் சத்தமே இல்லை. ஆளாளுக்கு அவனுக்கு ஈற்றடி (கடைசி அடி; மேலடிகளை வாங்கினவர் எழுதி முடிக்க வேண்டும்) அனுப்பிக்கொண்டிருந்தோம். நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்லிவிடுவான். ஈற்றடி கொடுத்தால் பையன் சும்மா இருக்க மாட்டான். கடைசியில் வந்தது ஒரு வெண்பா. காய்ச்சல், ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் அதில் இருந்தன.

அவன்தான் பாவூர்சத்திரத்தைக் கிளப்பினான். 'அண்ணே, உங்க தடத்துல வெண்பாவுக்குள்ள ஏறாத ஊர் ஏதாச்சும் உண்டா?' என்றான். சொன்னேன். ஒரு வாரம் குழுவே அதில் மல்லுக்கட்டியது. நான் முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன், தடம் தெரிந்தவன் அல்லவா! எட்டாம் நாள், அந்த ஊர்க் காய்கறிச் சந்தையைக் கண்ணால் பார்த்திராத வடமராட்சி அக்கா ஈற்றடியாக ஒன்றைப் போட்டார்:

எங்கள்பா வூர்சத் திரம்.

விசில் ஊதிப் பார்த்தேன். தேமாங்காய், தேமா, மலர் (வெண்பாவின் கடைசிச் சீருக்கு உரிய வாய்பாடு). எங்கும் தட்டவில்லை. சொந்த ஊர் போல 'எங்கள்' என்று சேர்த்துக்கொண்டதால்தான் அது ஏறியது. இந்தத் தடவை சிலேடையை நான் கண்டுபிடித்தேன். 'எங்கள் பா' என்பதும் அதற்குள் இருக்கிறது. அக்காவிடம் கேட்டேன். 'ரெண்டும்தான் தம்பி' என்றார்.

ஆசிரியர் அவர்களே, ஞாயிறு இணைப்பில் கால் பத்தி இடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வாரம் ஒரு ஈற்றடி கொடுங்கள். வாசகர்கள் வெண்பா எழுதி அனுப்பட்டும். நல்லதாக இரண்டைப் போடுங்கள், எந்தச் சீருக்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரியும் சேர்த்து. போடாதவற்றில் தட்டுகிற அடி எது என்று மட்டும் எழுதியவருக்கு ஒரு அஞ்சலட்டை போட ஆள் வேண்டுமென்றால் எங்கள் குழுவில் பத்துப் பேர் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். முதல் வாரத்துக்கு ஈற்றடி மேலே இருக்கிறது. அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

என் பெயரைப் போட வேண்டாம். டிப்போவில் இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்,
ஆலங்குளம், தென்காசி மாவட்டம்.