அந்துருண்டைப் பொட்டலத்தில் வேதிப்பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகள் பெட்டிக்கும் பட்டுப்புடவைகள் பீரோவுக்கும் திரும்பும் நாட்கள் இவை. மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி வீடுகளில் கூடவே நாலு அந்துருண்டையும் உள்ளே போகும். ஆனால் அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. சில நாப்தலின், சில பாரா டைகுளோரோபென்சீன். போன வருடத்து மிச்சத்தோடு புதியதைக் கலந்து போடுவதில்தான் புடவை பாழாகிறது.

நாப்தலின் 80 டிகிரியில் உருகும், மற்றது 53 டிகிரியில். இரண்டும் ஒட்டிக் கிடந்தாலோ சுமார் 30 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். குல்ஃபிக்காரர் உப்பைக் கொட்டியதும் பனிக்கட்டி சுழியத்துக்குக் கீழேயே இளகுகிறதே, அதே காரணம்தான். மும்பையின் அக்டோபர் வெயிலில் மூடிய பீரோவுக்குள் 30 டிகிரி சாதாரணம். இளகிய திரவம் பட்டில் எண்ணெய்க் கறை போல இறங்கிவிடும்.

டைகுளோரோபென்சீனின் அமைப்பு எளியது. ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம், அதில் நேரெதிர் முனைகளில் இரண்டு குளோரின் (இதுதான் பாரா வகை). இந்தச் சீர்மையால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, அறை வெப்பத்தில் திடமாக இருக்கிறது. அதே இரண்டு குளோரினைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் (ஆர்த்தோ வகை) மைனஸ் 17 டிகிரி வரை திரவம்தான். திடமாக இருந்தும் பாரா வகை உருகாமலே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட ஐந்து மடங்கு கனம். அதனால் உருண்டையை மேல்தட்டில், துணிப்பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். துணியையோ ஜரிகையையோ தொடக் கூடாது. கதவு சரியாக மூடாத பீரோவில் இதை வைப்பது வீண். பூச்சியைக் கொல்லும் அளவுக்கு ஆவி சேராது, வீட்டில் இருப்பவர்கள்தான் சுவாசிப்பார்கள். தெர்மாகோல் வைத்த பொம்மைப் பெட்டியிலும் வேண்டாம். இந்த ஆவி தெர்மாகோலை இளக்கி பொம்மையின் வர்ணத்தில் ஒட்ட வைக்கும்.

எது எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு தம்ளர் வெந்நீரில், இனி கரையாது என்று அடியில் உப்பு தங்கும் வரை கல்லுப்பைக் கரையுங்கள். ஆறியதும் தெளிவை வேறு தம்ளரில் ஊற்றி, உருண்டையின் சிறு துண்டைப் போடுங்கள். நாப்தலின் மிதக்கும், டைகுளோரோபென்சீன் மூழ்கும். உப்பு குறைந்தால் இரண்டுமே மூழ்கி ஏமாற்றும். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதக்கும், குச்சியால் தட்டிவிடுங்கள். சாதாரணத் தண்ணீரிலேயே மிதந்தால் அது கற்பூரம். சந்தேகம் தீராவிட்டால், கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்து வேறொரு துண்டைப் போடுங்கள். அந்தச் சூட்டில் டைகுளோரோபென்சீன் உருகும், நாப்தலின் உருகாது. ஜன்னலோரமாகச் செய்யுங்கள், அந்தத் தம்ளரைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

நாப்தலின் மட்டும் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாட்டோடு பிறந்த பச்சிளங்குழந்தையை, அந்துருண்டையோடு கிடந்த துணியில் சுற்றினால் ரத்த சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். பாட்டியின் பழைய பட்டில் பேரப்பிள்ளையைச் சுற்றுமுன் துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்துவது கட்டாயம். அரிசி டிரம்மில் எந்த உருண்டையும் போடக் கூடாது.

கழிவறையில் தொங்கும் வாசனைக் கட்டிகள் சிலவற்றிலும் டைகுளோரோபென்சீன்தான். அது எதையும் சுத்தம் செய்வதில்லை, நாற்றத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கழிவறைக் கட்டிகளிலும் காற்று வாசனைப் பொருள்களிலும் இதைத் தடை செய்ய விதி கொண்டுவந்தது. சோடியம் சல்ஃபைடுடன் சேர்த்து, 280 டிகிரி வரை உருகாத பாலிபினைலீன் சல்ஃபைடு பிளாஸ்டிக் செய்ய இது இன்றியமையாதது. தொழிற்சாலையில் அதற்கு இடமுண்டு. 'சால்' எனப்படும் மும்பை வரிசைக் குடியிருப்பின் ஜன்னலில்லாத ஒற்றை அறை வீட்டில் இடமில்லை.

உருண்டையை உதிரியாக நிறுத்து விற்பதை நிறுத்தி, பொட்டலத்தில் வேதிப்பெயரையும் 'வேறு உருண்டையுடன் கலக்காதீர்' என்ற எச்சரிக்கையையும் மராத்தி, இந்தி, தமிழில் அச்சிட உரிய துறைகள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்,
மாட்டுங்கா, மும்பை