பிள்ளை, கார் பிழையில்லை

என்ர அன்பான பிள்ளைக்கு,

நேற்று இரவு போன்ல நீ "அப்பா, நீங்கள் சொல்லித்தானே இந்தக் காரை வாங்கினனாங்கள், கலனுக்கு 26 மைல் தான் குடுக்குது" எண்டு சொன்னது விடியுமட்டும் எனக்குக் காதுக்குள்ளயே நிண்டுது. பின்னால சின்னவள் அழுதுகொண்டிருந்தாள், நீயும் வேலையால வந்த களைப்பு, அதால நான் அதில வைச்சு ஒண்டும் விளக்கேல்ல. இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன், நீயும் ஆறுதலா வாசி, மருமகனுக்கும் காட்டு.

முதல் விசயம், கார் பிழையில்லை. உன்னை ஆறுதல்படுத்த வேணுமெண்டு சொல்லேல்ல. என்னட்ட நிக்கிறதும் அதே ஸ்கோடா ஒக்டாவியா விஆர்எஸ் எஸ்டேற், அதே 2 லீற்றர் டர்போ பெற்றோல், அதே 245 குதிரை, அதே டிஎஸ்ஜி ஓட்டோமற்றிக் கியர். நாலு வருசமா ஒவ்வொருக்கா பெற்றோல் அடிக்கேக்கயும் எழுதி வைச்சிருக்கிறன், 31,000 மைல் சொச்சம் வந்திட்டுது, எல்லாத்தையும் சேத்துப் பாத்தால் கலனுக்கு 33 மைல். நான் லண்டன் ஹரோவில இருந்து எம்25 மோட்டர்வே பிடிச்சு வேலைக்குப் போறனான், ஒரு பக்கம் 22 மைல். நீ எடின்பரோவில வீட்டில இருந்து நேர்சரி, நேர்சரியில இருந்து பள்ளிக்கூடம், அங்கயிருந்து வேலை, எல்லாம் சேத்து நாலு மைல், அதுக்குள்ள மூண்டு தரம் எஞ்சினை நிப்பாட்டி ஸ்டார்ட் பண்ணுறாய், ஊருக்குள்ள கனக்க ரோட்டில 20 மைல் லிமிற், ஏத்தம் இறக்கம், அதுவும் இந்தக் குளிருக்குள்ள. உன்ர 26க்கும் என்ர 33க்கும் நடுவில நிக்கிறது அதுதான்.

காரை வித்த இடத்தில நாப்பதுக்கு மேல போட்ட பேப்பரைக் காட்டினவை எண்டனீ. அந்த நம்பர் ரோட்டில எடுத்தது இல்லை பிள்ளை. உன்ர கார் 2018 தொடக்கத்தில பதிஞ்சது, அப்ப பழைய என்இடிசி சோதனைதான், ஒரு அறைக்குள்ள உருளைக்கு மேல காரை ஏத்தி 20 நிமிசம் ஓட்டுறது, மொத்தமா 11 கிலோமீற்றர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றர், அறையும் 20 பாகைக்கு மேல இளஞ்சூடு, ஏசியும் போடுறேல்ல. 2018 செப்ரெம்பருக்குப் பிறகு எல்லாப் புதுக் காருக்கும் டபிள்யூஎல்டிபி எண்ட புதுச் சோதனை வந்திட்டுது, அது அரை மணித்தியாலம், 23 கிலோமீற்றர், 131 கிலோமீற்றர் வேகம் மட்டும் போகுது. அதுவும் முழு உண்மை சொல்லேல்ல, ஐரோப்பிய ஆணைக்குழு 2021இல பதிஞ்ச கார்களுக்குள்ளயே பதிவாகிற எரிபொருள் கணக்கை எடுத்துப் பாத்தது, பெற்றோல் கார் எல்லாம் அந்தப் புது நம்பரைவிட நூற்றுக்கு இருபதுக்கு மேல கூடத்தான் குடிச்சிருக்குது. அதால பேப்பர் நம்பரை ஒரு காரை இன்னொரு காரோட ஒப்பிட மட்டும் வைச்சுக்கொள், உன்ர பேர்சில இருந்து எவ்வளவு போகும் எண்டதை அதில பாக்காதை.

மருமகன் அனுப்பின அமெரிக்க வீடியோவும் பாத்தனான். அவையின்ர கலன் 3.785 லீற்றர், எங்கடை 4.546. அவை 27 எண்டால் எங்கட கணக்கில 32 வரும், அதைக் கலக்கக் கூடாது.

அடுத்தது, உன்ர 26ஐ எங்க பாத்தனீ? காரின்ர டாஷ் திரையில எண்டால் உண்மை 25ஆவும் இருக்கலாம். என்ர காரில டாஷ் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் சொல்லும். போன கிழமை 302 மைல் ஓடி 41.2 லீற்றர் அடிச்சன், 302ஐ 4.546ஆல பெருக்கி 41.2ஆல பிரிச்சால் 33.3, டாஷ் 35.1 எண்டு நிண்டுது. நீயும் ஒரே பம்பில, முதல் தரம் டக்கெண்டு நிக்குமட்டும் அடி, மைலைப் பூச்சியமாக்கு, அடுத்த முறையும் அப்பிடியே அடிச்சு எழுது. ஒரு டாங்கை வைச்சு முடிவு எடுக்காதை, மூண்டு டாங்க் வேணும்.

இந்தக் கணக்குப் பழக்கம் எனக்கு எங்கயிருந்து வந்தது எண்டு நீ சின்னனில கேட்டிருக்கிறாய், நான் சொல்லேல்ல. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவிடேல்ல, பொருளாதாரத் தடை. பெற்றோலைப் போத்தலில வாங்கி, வீட்டில மருந்து மாதிரிப் பூட்டி வைச்சிருப்பம். பழைய ஒஸ்ரின் ஏ40 காரும் மோட்டச்சைக்கிளும் மண்ணெண்ணெயில தான் ஓடினது, ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள்ள நாலைஞ்சு துளி பெற்றோல் விடுறது. எஞ்சின் சூடாகினால் மண்ணெண்ணெயிலயும் ஓடும், ஆறிப்போச்செண்டால் திரும்பவும் அந்தத் துளி வேணும், அதால ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினால் எல்லா அலுவலையும் ஒரே ஓட்டத்தில முடிச்சுக்கொண்டு வருவம். உங்கட அப்பப்பாவை மந்திகை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போன அண்டைக்கு அந்தப் போத்தலில எவ்வளவு கிடந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியும்.

உன்ர காருக்கும் அதே கதைதான் பிள்ளை. குளிர்ந்த எஞ்சினுக்குத் தொடக்கத்தில பெற்றோல் கூட விடும், ஒயில் தடிச்சுக் கிடக்கும், ஹீற்றர், பின் கண்ணாடிச் சூடு, சீற் சூடு எல்லாம் ஒண்டாய் ஓடும். எஞ்சின் சூடாகி ஒழுங்கா வரமுதல் நீ பள்ளிக்கூட வாசலில நிப்பாட்டுறாய். அதைவிட, ஐஸ் உருக எண்டு காலமை பத்து நிமிசம் வீட்டு வாசலில ஓடவிடுறனாங்கள் எண்டு சொன்னனீ, அந்தப் பத்து நிமிசமும் பூச்சிய மைல் தான், பெற்றோல் மட்டும் போகுது. இரவில முன் கண்ணாடிக்கு ஒரு மூடி போட்டு விடு. கடைக்குப் போறது எண்டால் எஞ்சின் சூடா இருக்கேக்க, வேலையால வாற வழியில போ.

கால் விசயமும் இருக்கு, கோவிக்காதை. மெதுவா மிதிச்சால் இது சாதாரணக் குடும்பக் கார், அமத்தினால் டர்போ காத்தைத் தள்ளும், காத்துக்கு ஏத்த பெற்றோலும் போகும், இன்னும் அமத்தினால் சூட்டைக் குறைக்கவெண்டே மேலதிகமாப் பெற்றோல் விடும். சிக்னல் விழுந்த உடனை மருமகன் எடுக்கிற எடுவை நான் வந்து நிண்ட நேரம் பாத்தனான். அந்தக் காரின்ர சந்தோசமே அதுதான், எனக்கும் விருப்பம் தான், வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனால் அடுத்த சிக்னலில பிறேக் பிடிக்கப் போற இடத்தில அந்த எடு முழு நட்டம். பிள்ளையள் ரண்டு பேரும் பின்னால இருக்கேக்க வேண்டவே வேண்டாம்.

இந்தக் கார் என்ன குடுக்கும் எண்டு பாக்க வேணுமெண்டால் மோட்டர்வேயில பார். போன ஓகஸ்டில நானும் அம்மாவும் உங்களிட்ட வரேக்க எம்6, ஷாப் ஏத்தம், எம்74 எல்லாம் ஏறி 405 மைல், 65க்கு மேல போகேல்ல, உங்கட ஊரில நிறைய அடிக்க 46 லீற்றர் பிடிச்சுது, சரியா 40. 50 லீற்றர் டாங்கில ஹரோவில இருந்து எடின்பரோ. திரும்பேக்க உன்ர தம்பி ஓடினவன், 78, 80 எண்டு விட்டான், 34க்கு இறங்கிட்டுது, வழியில மோட்டர்வே விலைக்கு அடிக்க வேண்டி வந்தது. 70இல போற காரை 80க்கு ஏத்தினால் காத்து எதிர்க்கிறது நூற்றுக்கு முப்பது கூடும், அது எந்த நல்ல எஞ்சினாலயும் தப்ப ஏலாத கணக்கு. அதோட கூரைப் பெட்டியைக் கழட்டு. கிறிஸ்மஸில போட்டது இப்பவும் மேல நிக்குது எண்டு படத்தில பாத்தன், பூட் 610 லீற்றர் இருக்கேக்க அது என்னத்துக்கு?

பெற்றோல் பிராண்ட் மாத்திறதில பெரிசா ஒண்டும் வராது. 2021இல ஈ10 எண்ட, நூற்றுக்குப் பத்து மட்டும் எதனோல் கலந்த பெற்றோல் வந்ததால நூற்றுக்கு ஒண்டு ரண்டு குறையும், அவ்வளவுதான்.

இனி டீசல் கதை. மருமகன் இதை வித்துப்போட்டு டீசல் எடுப்பம் எண்டு சொல்லுறார் எண்டனீ, அதுக்குத்தான் நான் இவ்வளவும் எழுதுறன். உங்கட நாலு மைல் ஓட்டத்துக்கு டீசல் எடுக்கவே கூடாது. அதில புகைக்கரியைப் பிடிக்கிற ஒரு வடி இருக்கு, அது நல்லாச் சூடாகி நீளமா ஓடினால் தான் பிடிச்ச கரியை எரிச்சுத் தன்னைத் துப்பரவாக்கும், சின்ன ஓட்டத்தில அடைச்சுப்போகும், மாத்திறதெண்டால் ஒரு வருசப் பெற்றோல் காசை விழுங்கும். கணக்கைப் பார்: வருசம் 8,000 மைல், லீற்றர் 1.40 பவுண் எண்டு வை, 26 குடுத்தால் 1,958 பவுண், 30 குடுத்தால் 1,697. நான் சொன்னதுகளைச் செய்தால் உன்ர ஊருக்குள்ள 29, 30 வரும் எண்டுதான் நினைக்கிறன், 40 வராது, அதை எதிர்பாக்காதை. மாசம் 20 பவுண் சொச்சம் மிஞ்சும். வித்து வாங்கிற நட்டம் அதைவிடக் கனக்க.

நான் வாங்கச் சொல்லேக்க உன்ர ஓட்டம் எவ்வளவு எண்டு கேட்டிருக்க வேணும், என்ர 33ஐ மட்டும் சொன்னது என்ர பிழை பிள்ளை. ஆனாலும் ரண்டு பிள்ளையளோட குளிருக்குள்ள போறதுக்கு அது நல்ல பலமான கார், எனக்கு அதில நீ போறது நிம்மதி.

சனிக்கிழமை காலமை ஓடமுதல், எஞ்சினும் ரயரும் ஆறிக் கிடக்கேக்க ரயருக்குள்ள காத்து எவ்வளவு எண்டு பார், எவ்வளவு வேணுமெண்டு பெற்றோல் மூடிக்கு உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கு. பாத்திட்டு நாலு ரயரின்ர நம்பரையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா