கொங்கிரிட் ஊற்றுமுன்: வீடு வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மலிவு விலை வீடுகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும், அவற்றை வரையும் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். நான் 22 ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வை பார்த்தேன். வீட்டு வரைபடத்தை, அதாவது பிளேனைப் படிக்கவும் தெரியும். அந்தப் பிளேனுக்குள் குடியேறியவர்கள் படும் பாடும் தெரியும்.

தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இடிந்தபோது, என் பெற்றோருக்கு ஓர் அடுக்குமாடியில் நாலாம் மாடி வீடு கிடைத்தது. மூன்று அறை, 650 சதுர அடி, லிஃப்ட் கிடையாது. உள்ளே நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "துணி எங்கடா காயப் போடுறது?" என்பதுதான். சாமிப் படம் மாட்டச் சுவர் தேடினோம். கிழக்குச் சுவரில் குளியலறைக் கதவு இருந்தது. கடைசி அறையின் சன்னல், கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட குறுகிய திறப்பான காற்றுக் கிணற்றைப் பார்த்துத் திறக்கும். கீழ்வீட்டில் கருவாடு பொரித்தால் வாடை எங்கள் தலையணை வரைக்கும் வரும்.

ஒருநாள் அந்தச் சன்னலை நாடா வைத்து அளந்தேன். அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு சன்னல் வேண்டும், அதில் பாதியாவது திறக்க வேண்டும் என்கின்றன 1984-ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகள். 6.5 சதுர மீட்டர் அறைக்குத் திறப்பு 0.325 சதுர மீட்டர் இருந்தால் போதும். அது இருந்தது. விதிப்படி குறையே இல்லை. ஆனால் உள்ளே வந்த காற்று வெளியேற எதிரே வழியில்லை. மதியம் இரண்டு மணிக்கு அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடுவார்.

அப்பா காலமான அன்று, பெட்டி படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. கால் பக்கத்தைத் தாழ்த்தி, தலைப் பக்கத்தைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஆறு பேர் நாலு மாடி இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே அப்பா நழுவும் ஓசை கேட்டது. அந்தப் படிமேடையை இன்னும் ஓரடி அகலமாக வரைந்திருக்கலாம். ஓரடிதான்.

வீடு சிறியது என்று நான் முறையிடவில்லை. நாங்கள் ஐந்து பிள்ளைகள் வளர்ந்த லயத்து வீடு அதைவிடச் சிறியது. லயத்தைப் புகழவும் வரவில்லை. ஒழுகிய தகரக் கூரையையும் பொதுக் கழிவறை வரிசையையும் மறந்தவன் அல்ல நான். ஆனால் அங்கே முன்னால் ஒரு திண்ணை இருந்தது, பின்னால் அடுப்படியும் அதை ஒட்டிக் கொஞ்சம் மண்ணும் இருந்தன. முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தால் காற்று நேராக ஓடும். விருந்து, சண்டை, பரீட்சைப் படிப்பு எல்லாம் திண்ணையில் நடந்ததால் உள்ளறை சிறியது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆர் வீடுகளுக்கு 700 சதுர அடி, மூன்று அறை என்று அளவு வைத்திருக்கிறீர்கள். பரப்பு போதும். அதை எப்படிப் பங்கு போடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இப்போது அலுமினிய அச்சு மாட்டிச் சுவரையும் தளத்தையும் ஒன்றாக ஊற்றும் முறை பரவிவிட்டது. வேலை வேகம், பூச்சுச் செலவு குறைவு. நானே அந்த முறையில் வேலை பார்த்தவன், குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஊற்றும் சுவர்களே பாரம் தாங்குகின்றன. பின்னாளில் மகள் திருமணமாகிப் போனபின் இரண்டு அறையை ஒன்றாக்க நினைத்தாலும் தொட முடியாது. ஆகவே அச்சு மாட்டுவதற்கு முன்பே, எந்தச் சுவர் பின்னால் போகலாம் என்று முடிவு செய்து அதை மட்டும் செங்கல்லில் விடுங்கள்.

தரை வீடு என்றால் இன்னொன்று. நம் ஊரில் வரிசை வீடு வாங்கியவர் முதலில் செய்வது, பின்னால் அடுக்களையை நீட்டுவது. வீடு மண்ணில் ஆழமாக இறக்கிய பைலிங் தூண்கள் மேல் நிற்கும், நீட்டியது வெறும் மண்மேல் நிற்கும். சில வருடத்தில் நீட்டிய பகுதி மட்டும் அமிழ்ந்து, இணைப்பில் விரல் நுழையும் வெடிப்பு விழும். மழைநீர் அதன் வழியே அடுப்புக்கு வரும். எத்தனை வீட்டில் இதைச் சிமெண்டு பூசி மறைத்திருக்கிறேன், கணக்கில்லை.

மக்கள் எப்படியும் நீட்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்தே வரைந்தவர் சிலி நாட்டின் கட்டடக் கலைஞர் அலெகாந்த்ரோ அராவெனா. இக்கிக்கே நகரில், நகரத்துக்குள் 30 ஆண்டுகள் அனுமதியின்றிக் குடியிருந்த ஏறக்குறைய 100 குடும்பங்களை ஊருக்கு வெளியே தள்ளாமல் அதே நிலத்தில் குடிவைக்க வேண்டும். நிலத்துக்கே பணம் போய்விட்டது. மிச்சத்தில் முழு வீடு முடியாது என்பதால், குடும்பத்தால் தானே செய்ய இயலாத பாதியை மட்டும் கட்டினார்: கடைக்கால், கூரை, படி, அடுக்களை, குளியலறை. 36 சதுர மீட்டர் வீடு, பக்கத்தில் விட்ட இடைவெளியை நிரப்பினால் 72 ஆகும். 2004-இல் முடிந்த வேலை அது. 2016-இல் அவருக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலேயே கட்டடக் கலைஞர் மஸ்லின் கசாலி, நேர்வரிசையைக் கைவிட்டுத் தேன்கூடு போல் ஒரு சிறு திடலைச் சுற்றி வீடுகளை அமைத்துக் காட்டியிருக்கிறார். தெருவுக்குப் போகும் நிலம் மிச்சமாகிறது; பிள்ளைகள் வாசலிலேயே விளையாடலாம். லயத்துத் திடலில் வளர்ந்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்தது.

முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தோட்ட மக்கள் வீட்டை எவரிடமும் இலவசமாகக் கேட்டதில்லை, இன்றும் கேட்கவில்லை. வங்கிக் கடனை 30 ஆண்டுகள் கட்டப் போகிறவர்கள் அவர்கள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பிளேனில் கையெழுத்திடுவதற்கு முன், அதை ஒரு சனிக்கிழமை காலை எங்கள் ஊருக்குக் கொண்டு வாருங்கள். ஏதாவது ஒரு திடலில், சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை முழு அளவில் கோடு போடுவோம். அறை, கதவு, அடுப்பு, படிமேடை, எல்லாம் நிஜ அளவில். பெண்கள் உள்ளே நடந்து பார்க்கட்டும். ஒரு கட்டிலையும் ஒரு நீளப் பலகையையும் தூக்கிக்கொண்டு படிமேடையில் திரும்பிப் பார்ப்போம். அங்கே அழிக்கும் கோட்டுக்கு ஒரு காசு செலவில்லை.

சுண்ணாம்பும் நாடாவும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முன்னாள் கட்டுமான மேற்பார்வையாளர்