நாங்கள் அழவில்லை, ஏசி வென்ட்டைத் திருப்புங்கள்

கட்டடப் பராமரிப்புக் குழுவுக்கும் மனிதவளத் துறைக்கும்,

வணக்கம். மூன்றாம் தளத்துக் கடைசி வரிசையில் ஏசி வென்ட்டிலிருந்து வரும் காற்று நேராக முகத்தில் அடித்துக் கண்ணில் நீர் வடிவது பற்றி நாங்கள் எழுதியதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். அதை மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. போன வாரம் முதலுதவிப் பெட்டியில் ஒரு கண் சொட்டு மருந்து வைத்து, "கண் எரிச்சல் உள்ளவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும்" என்று சீட்டு ஒட்டியிருந்தீர்களே, அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடல். எங்கள் வரிசையில் 14 பேர். குப்பி ஒன்று.

அக்கறைக்கு நன்றி. ஆனால் சொட்டு மருந்து பல் துலக்கும் பிரஷ் மாதிரி, ஆளுக்கு ஒன்றுதான். குப்பியின் நுனி ஒருவர் இமையில் பட்டுவிட்டால் அவருடைய தொற்று அடுத்தவர் கண்ணுக்குப் போகும். போதாததற்கு, நீங்கள் வாங்கியது சிவப்பைக் குறைக்கும் ரகம். ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். நாள்கணக்கில் போட்டுவிட்டு நிறுத்தினால் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரலாம். நாங்கள் கேட்டது மருந்து அல்ல. வென்ட்டைத் திருப்பச் சொன்னோம்.

போன மாத மதிப்பீட்டுக் கூட்டத்தில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். மேலாளர் என் வேலையில் இருந்த ஒரு சின்னக் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமான குறைதான். அந்த நேரம் பார்த்து என் இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக நீர். அவர் பதறிப்போய்ப் பேச்சை நிறுத்தினார், பக்கத்தில் இருந்தவர் டிஷ்யூவை நீட்டினார், ஒருவர் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். "இல்லை சார், இது ஏசி" என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து உங்கள் துறையிலிருந்து மனநல ஆலோசனைக்கு அழைப்பு வந்தது. "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று மிகவும் மென்மையாகக் கேட்டார்கள். பிரச்சினை தலைக்கு மேல்தான் இருக்கிறது என்றேன். குறித்துக்கொண்டார்கள். என்ன குறித்தார்கள் என்று தெரியவில்லை.

காற்று பட்டால் கண் வறளத்தானே வேண்டும், ஏன் நீர் வடிகிறது என்று உங்கள் பொறியாளர் கேட்டார். நல்ல கேள்வி, நானும் மருத்துவரிடம் அதையேதான் கேட்டேன். கண்ணின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அடியில் கோழை, நடுவில் நீர், மேலே எண்ணெய். எண்ணெய் இமையோரச் சுரப்பிகளிலிருந்து வருகிறது, நீரை ஆவியாகாமல் காப்பது அதுதான். இமைக்கும்போதெல்லாம் இந்தப் படலம் புதிதாகப் பரவும். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம், திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். அதற்கு மேல் முகத்துக்கு நேராகக் காற்றும் அடித்தால் படலம் அங்கங்கே கிழிந்து கண் உறுத்துகிறது. உறுத்தியதும் கண்ணீர்ச் சுரப்பி நீரை மொத்தமாகக் கொட்டுகிறது. எண்ணெய் போதாத அந்த நீர் கண்ணில் தங்காது, கன்னத்தில் இறங்கிவிடும். ஆக, வறட்சிதான் எங்களை அழ வைக்கிறது.

வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டார்கள். ஒவ்வாமை என்றால் அரிப்பு தூக்கலாக இருக்கும், எனக்கு இல்லை. முடி எதுவும் உள்நோக்கி வளரவில்லை, கண்ணீர் மூக்குக்கு வடியும் பாதையிலும் அடைப்பு இல்லை. பதப்படுத்தும் ரசாயனம் சேராத செயற்கைக் கண்ணீர், இமை மேல் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், முழுதாக மூடித் திறந்து இமைப்பது, கண்ணைக் கசக்காமல் இருப்பது என்று சொன்ன எல்லாவற்றையும் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கண் தெளிவாக இருக்கிறது. திங்கள் காலை 11 மணிக்குக் குளம்.

இதற்கிடையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் 20 விநாடி பார்க்கச் சொல்லி உங்கள் மின்னஞ்சல். எங்களுக்கு எதிரே 6 அடியில் சுவர். அந்தச் சுவரில் "உங்கள் நலனே எங்கள் நலன்" என்ற சுவரொட்டி. கணினியிலிருந்து கண்ணை எடுத்தால் "செயலற்ற நேரம்" என்று கணக்கெழுதும் மென்பொருளும் நீங்கள் போட்டதுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பாருங்கள் என்கிறீர்கள். எங்களுக்குக் குறைவதே அந்த எண்ணெய்தான்.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து அந்த வென்ட்டின் தகடுகளைக் கூரைப் பக்கம் திருப்புங்கள், அல்லது காற்றைத் தடுக்க ஒரு மறைப்புத் தகடு பொருத்துங்கள். அதுவரை நேர் கீழே இருக்கும் 4 பேரை வேறு மேசைக்கு மாற்றுங்கள். பெட்டியில் இருக்கும் குப்பியை எடுத்துவிடுங்கள். கண் வலிக்கிறது, பார்வை மங்குகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் அவரைப் பெட்டிக்கு அனுப்பாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வென்ட்டைத் திருப்ப ஒரு ஏணியும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும் என்று உங்கள் பொறியாளரே சொன்னார். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஏணியை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் தளம், கடைசி வரிசையிலிருந்து ஓர் ஊழியர்