பாப்பாவின் கணக்கு நோட்டு

ஏற்காடு,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நம் வீட்டுச் சில்வர் ஓக் மரத்துக் கொடியில் பறித்த மிளகு நன்றாகக் காய்ந்துவிட்டது. அதில் ஒரு கிலோவையும், காப்பித்தூளையும், பாப்பா மறந்துவிட்டுப் போன கணக்கு நோட்டையும் சேர்த்துக் கட்டி, நேற்றுக் கீழே இறங்கிச் சேலத்தில் பார்சலில் போட்டுவிட்டு வந்தேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ பேசவில்லை. நானும் அழைக்கத் தயங்கினேன். உனக்கு வேலை அதிகம் என்று மருமகள் சொன்னாள். இருக்கும்.

அரையாண்டு விடுமுறைக்குப் பாப்பா இங்கே வந்திருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. முற்றத்தில் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டே, பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிற்கும், அப்படியானால் நாலு கிலோ காய்ந்த மிளகு வேண்டுமென்றால் கொடியிலிருந்து எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கு வராது பாட்டி, நான் சுமார்தான், அப்பா சொல்லியிருக்கிறார்" என்றாள். அவள் அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. பெயரையும் வகுப்பையும் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பதில் பேசாமல் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து, மிளகையே மூன்று மூன்றாகக் கூட்டிவைத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு என்று வந்து நின்றாள்.

பள்ளியில் அவளை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்ததற்காக அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பட்டியல் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதற்காகப் போடுவது; அதையே வீட்டில் அவளுக்குப் பெயராக வைத்துவிடக் கூடாது. இதைத்தான் அன்று தொலைபேசியில் சொல்ல வந்தேன். குழந்தையின் காதுபட அப்படிப் பேசாதே என்று நான் தொடங்கியதுமே, "நீயா அம்மா இதைச் சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

நீ நல்ல தகப்பன், தம்பி. எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் அவளுடைய பையைத் திறந்து பார்க்காமல் நீ படுப்பதில்லை என்று மருமகள் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. ஆனால் உனக்குப் பொறுமை போதாது. தீபாவளிக்கு வந்திருந்தபோது பார்த்தேன், அவள் பென்சிலை எடுப்பதற்குள் விடையை நீயே சொல்லிவிடுகிறாய்.

இது எனக்கும் இருந்த குற்றம். நான் ஆசிரியையாக இருந்தபோது ஒரு பணியிடைப் பயிற்சியில், அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்களாம். ஆண்டு முடிவில், குறிப்பாக முதல் இரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்ததாம். அந்த முடிவை மறுத்துப் பிற்பாடு பலர் எழுதினார்கள். நான் அந்தச் சர்ச்சைக்குள் போகவில்லை; மறுநாள் வகுப்பில் என்னையே கவனித்துப் பார்த்தேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகனிடம் கேள்வி கேட்டால் அவன் யோசித்து முடிக்கும்வரை நிற்கிறேன். காப்பிப்பழம் பறிக்கப் போகிறவர்களின் பிள்ளையிடம் கேட்டால், அது வாயைத் திறப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கைகாட்டிவிடுகிறேன். மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர்கள் சொல்லும்போதெல்லாம் அவர்களோடு சண்டை போட்ட நான்தான், வகுப்பில் அதையே வாய்விட்டுச் சொல்லாமல் செய்துகொண்டிருந்தேன். அதன்பிறகு, ஓய்வுபெறும்வரை, எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் மனத்துக்குள் பத்து எண்ணாமல் அடுத்த பிள்ளையிடம் போனதில்லை.

மாரியப்பனைப் பார் என்று நீ பாப்பாவிடம் அடிக்கடி சொல்வதாகக் கேள்விப்பட்டேன். நம் ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டிக்காரர், ஐந்து வயதில் பேருந்து மேலே ஏறிக் கால் நசுங்கியவர், காய்கறி விற்ற தாய் வளர்த்த பிள்ளை, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் என்றால் நம் மாவட்டத்தில் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? ஆனால் அவரே தாண்டினார், உனக்கு என்ன வந்தது என்று அதைக் குழந்தையின் தலையில் வைக்காதே. உயரம் தாண்டுவதில் கம்பியை எடுத்தவுடன் 1.89இல் வைப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், தவறினால் மூன்று முறை வரை முயல விடுவார்கள். நம் பாப்பாவுக்கு நாம் ஒரு முறைகூட முழுதாக விடவில்லை. அவள் காதுபடச் சுமார் என்று மட்டும் சொல்லாதே, சாமி. விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே.

நீயா அம்மா என்று கேட்டாயே. ஆமாம், நான்தான். 2003 ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது நீ முதல் குரூப் கேட்டாய். தலைமையாசிரியர் கொடுப்பதற்குத் தயாராகத்தான் இருந்தார். வேண்டாம் சார், இவன் சுமார்தான், முதல் குரூப் தாங்கமாட்டான், என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று சொன்னவள் நான். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், கதவு திறந்திருந்தது. உன் காதில் விழுந்தது என்பது எனக்கு அன்றே தெரியும், ஏனென்றால் வீடு திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை நீ பேருந்து ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டுமே என்று அப்பா அன்றிரவு சொன்னதையும் நான் கேட்கவில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் முடியும் முடியும் என்று சொன்ன எனக்கு, டீச்சர் மகன் தோற்றுவிட்டான் என்று யாராவது பேசிவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. உனக்காகப் பயந்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; அது பொய்.

நீ இன்று நல்ல நிலையில் இருக்கிறாய் என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. போன ஆண்டு அந்த மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்காமலேயே, எனக்கு இது போதும் அம்மா என்று நீ சொன்னபோது, அந்தப் பெஞ்சுதான் என் கண்முன் வந்தது. என்னை மன்னித்துவிடு என்று எழுத முடிகிறது. நேரில் சொல்ல நா எழவில்லை.

பார்சல் நாளை கோயம்புத்தூர் வந்துவிடும். மிளகை இன்னும் ஒரு வெயில் காயவைத்துவிட்டு டப்பாவில் போடச் சொல். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாப்பாவுக்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, அவளுக்குக் கொஞ்சம் கடினம்தான், அவள் போட்டது பாதியில் நிற்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள். விடையை நீ சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா